தண்ணீர் விழாத நாளின் சம்பளம்

போன திங்கட்கிழமை காலை. இட்லியில் இரண்டாவது ரவுண்டில் இருந்தேன். வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. ஜெபா.

ஜெபா என் சித்தப்பா மகனுடைய மகள். இருபத்திரண்டு வயது. பி.காம். முடித்துவிட்டு, போன மாதம்தான் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலையில் சேர்ந்தாள். முதல் வேலை. முதல் சம்பளம் வாங்கியிருப்பாள், ஸ்வீட்டோடு வருகிறாள் என்று நினைத்து என் மனைவி தட்டெல்லாம் எடுத்து வைத்துவிட்டாள்.

ஸ்வீட் இல்லை. கையில் ஒரு பழுப்புக் கவர் இருந்தது. அதை என் இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"பெரியப்பா, இதை நீங்களே எண்ணிப் பாருங்க."

எண்ணினேன். பன்னிரண்டாயிரம் இருக்க வேண்டிய கவரில் ஒன்பதாயிரத்து நானூறு இருந்தது. விரலில் சட்னி ஒட்டியிருக்கும் என்று கையைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினேன். அதே ஒன்பதாயிரத்து நானூறுதான்.

"பதிமூணு நாளைக்கு அரைச் சம்பளமாம்" என்றாள்.

"ஏன், லீவு போட்டியா?"

"நான் போடல. அருவிதான் போட்டிருக்கு."

விஷயம் இதுதான். அருவியில் தண்ணீர் விழும் நாளில் முழுச் சம்பளம். விழாத நாளில் அரை. அந்த லாட்ஜில் அதற்குப் பெயர் 'சீசன் கணக்கு'. பல வருஷமாக அப்படித்தானாம். மழை பெய்வது மலையில்... பிடித்தம் செய்வது கவரில்.

"இதையெல்லாம் சேரும்போதே சொல்ல மாட்டாங்களா?" என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

"சொன்னாங்களே. உங்ககிட்டதான் சொன்னாங்க. நீங்கதான் சரின்னு தலையை ஆட்டுனிய."

என் மனைவி சட்னிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். ஒன்றுமே சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அது எனக்கு நல்லதில்லை என்பது இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும்.

நான் தலையாட்டியது உண்மை. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. முதல் வேலைக்குப் போகும் பிள்ளையைத் தனியாக அனுப்ப மாட்டோம். கூட ஒரு பெரியவர் போவார். அவருடைய வேலை, முதலாளிக்கு எதிரே உட்கார்ந்து காபி குடிப்பது, இரண்டு பேருக்கும் பொதுவான சொந்தக்காரர் யாராவது உண்டா என்று கண்டுபிடிப்பது, 'நம்ம பிள்ளை' என்று ஒருமுறையாவது சொல்வது. சம்பளத்தைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் குடும்பத்தைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

ஜெபாவோடு போன பெரியவன் நான். லாட்ஜ் முதலாளி சங்கரலிங்கம் அண்ணாச்சி எனக்குத் தெரிந்தவர். இந்தப் பத்தியின் வாசகர். பத்தி எழுதியதால் எனக்குக் கிடைத்த சொற்ப லாபங்களில் அவரும் ஒருவர்.

"பிள்ளைக்குப் பன்னெண்டு போடுவோம். மத்தபடி சீசன் கணக்குதான். உங்களுக்குத் தெரியாததா?" என்றார்.

எனக்குத் தெரியாது. ஆனால் 'உங்களுக்குத் தெரியாததா' என்று ஒருவர் கேட்ட பிறகு, தெரியாது என்று எப்படிச் சொல்வது? "அதெல்லாம் நீங்க பார்த்துச் செய்வீங்க அண்ணாச்சி. நம்ம பிள்ளை" என்றேன்.

பக்கத்தில் ஜெபா என்னமோ கேட்க வாயைத் திறந்தாள். நான் மேஜைக்குக் கீழே கையைக் காட்டி அடக்கிவிட்டேன். இப்போது நினைத்தால் அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை.

இதில் இன்னொரு கொடுமை. 'இளைஞர்களே, சம்பளத்தைக் கூச்சப்படாமல் கேளுங்கள்' என்று சில மாதங்களுக்கு முன்னால் இதே இடத்தில் எழுதியவனும் நான்தான். அதைப் பாராட்டி வந்த முதல் போன் சங்கரலிங்கம் அண்ணாச்சியுடையது.

ஏன் எனக்கு இந்த வியாதி? பரம்பரையாக வந்தது. என் முதல் வேலை தென்காசியில் ஒரு ஹார்டுவேர் கடையில். கூட வந்த பெரியவர் என் தாய்மாமா. காபி குடித்தார். பொதுவான சொந்தம் ஒன்றைக் கண்டுபிடித்தார். கடைசியில் முதலாளியிடம், "சம்பளமெல்லாம் நீங்க நினைச்சதைக் குடுங்க. பையன் வெயில்ல சுத்தாம இருந்தா போதும்" என்று சொல்லி என்னை ஒப்படைத்துவிட்டுப் போனார்.

மூன்று மாதம் ஆணியும் தாழ்ப்பாளும் எடை போட்டேன். சம்பளம் வரவில்லை. நாலாவது மாதம் முதலாளி முன்னால் போய் நின்றேன்.

"உங்க மாமா வெயிலைப் பத்தி மட்டும்தானப்பா சொன்னாரு?" என்றார். நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். என்னை வெயில் படாமல் பார்த்துக்கொண்டோமே என்ற திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

சிரிப்பாகத்தான் எழுதுகிறேன். ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வந்த தூரம் முழுக்க அழுதேன். என் உழைப்புக்கு ஒரு விலை உண்டு என்பதே யாருக்கும் தோன்றவில்லை என்கிற வலி, பணம் வராத வலியை விடப் பெரிது. அதே வலியை முப்பத்தைந்து வருஷம் கழித்து என் கையாலேயே இந்தப் பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறேன்.

இத்தனைக்கும் நாம் ஒன்றும் சம்பளம் கேட்கக் கூச்சப்படுகிற ஆட்கள் இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர் கடையம் தாண்டுவதற்குள் 'உங்களுக்கு எவ்வளவு வருது?' என்று கேட்டுவிடுவார். கல்யாணப் பந்தியில் சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் கேட்பார்கள். பிடித்தம் போக எவ்வளவு என்றும் கேட்பார்கள். நாம் கேட்காத ஆள் ஊரிலேயே ஒருத்தர்தான் — அந்தச் சம்பளத்தைக் கொடுக்கப் போகிறவர்.

"அப்பா என்ன சொல்லுதான்?" என்று ஜெபாவிடம் கேட்டேன்.

"இந்தச் சம்பளத்துக்குக் குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் அலையுததுக்கு வீட்டிலேயே இரு, மாப்பிள்ளை பாக்கேன்னு சொல்லுதாங்க." கவரை எடுத்து மடித்தாள். "எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்கு பெரியப்பா. நல்லாவும் செய்யுதேன். ஆனா இன்னைக்குப் பேசி முடியலைன்னா அப்பா நாளைக்கு என்னை அனுப்ப மாட்டாங்க."

மூன்றாவது ரவுண்டு இட்லியை மறந்தேன். சட்டையை மாட்டினேன். அன்றைக்கு அவளுக்கு வார லீவு. அவள் ஓட்ட, நான் பின்னால் உட்கார, குற்றாலம் போனோம்.

அருவியில் அன்றைக்கும் தண்ணீர் இல்லை. மங்குஸ்தான் விற்பவர்கள் ஒருவருக்கொருவர் விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணாச்சி எழுந்து நின்று வரவேற்றார். "வாங்க, வாங்க. போன வாரம் எழுதினது பிரமாதம்." பாராட்டு வாங்கிய பிறகு சண்டை போடுவது எவ்வளவு சிரமம் என்று எழுதுகிறவர்களுக்குத் தெரியும். காபி வந்தது. அவருடைய நாகர்கோவில் மகளைப் பற்றி நான் விசாரித்தேன். என் சர்க்கரையைப் பற்றி அவர் விசாரித்தார். கால் மணி நேரம் ஓடிவிட்டது. பக்கத்தில் ஜெபா இருமினாள்.

"அண்ணாச்சி, பிள்ளை சம்பளத்துல ஒரு சின்ன..."

"அதுவா? பிள்ளைக்கு விளங்கலையோ? தண்ணி விழலைன்னா ஆள் வராது. ஆள் வரலைன்னா வேலை கிடையாது. சும்மா இருக்க நாளுக்கும் அரைச் சம்பளம் குடுக்கோம். வேற இடத்துல வரவே வேண்டாம்னு சொல்லிருதான்."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. எனக்கு எப்போதும் கடைசியாகப் பேசியவர் சொல்வதுதான் நியாயமாகப் படும். 'சரிதானே?' என்கிற முகத்தோடு ஜெபாவைத் திரும்பிப் பார்த்தேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை.

"அண்ணாச்சி, தண்ணி விழுத அன்னைக்கு எனக்கு என்ன வேலை? பத்து மணிக்கே ரூம் ஃபுல். அதுக்கப்புறம் போனை எடுத்து ரூம் இல்லைன்னு சொல்லணும், அவ்வளவுதான். தண்ணி இல்லாத அன்னைக்குத்தான் வேலையே. காலைல ஆறு மணிக்கு அருவிக்குப் போய் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுதேன். எழுபது எண்பது போன் வருது. தண்ணி விழுதா, எப்ப விழும், அஞ்சருவிலயாவது விழுதான்னு கேக்காங்க. அத்தனை பேருக்கும் பதில் சொல்லுதேன். கேன்சல் பண்ணுதவங்ககிட்ட கெஞ்சி அடுத்த வாரத்துக்கு மாத்திக் குடுக்கேன். இது சும்மா இருக்கதா?"

"நீ வெறும் பாறையைப் படம் பிடிச்சுப் போட்டா கேன்சல்தான் பண்ணுவான். போன வருச வீடியோ இருக்கு, அதைப் போடுன்னு சொன்னேன். கேட்டியாம்மா?"

"அதை நம்பிக் கைக்குழந்தையோட கிளம்பி வருவாங்க அண்ணாச்சி. வந்து பாறையைப் பார்த்துட்டு என்னையத்தான் ஏசுவாங்க. மறுபடி இங்கன வரவும் மாட்டாங்க."

அண்ணாச்சி பதில் சொல்ல வாயெடுத்தார். அப்போது கவுன்ட்டரில் போன் அடித்தது.

ஜெபா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்கு இன்னைக்கு லீவு" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

அண்ணாச்சியே எடுத்தார். அவருக்கு ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வரும்.

"சார், விருதுநகர்ல இருந்து பேசுறேன். தண்ணி விழுதா?"

"ஜோரா விழுது சார். கிளம்பி வாங்க."

"அங்க ஒரு பொண்ணு பேசுமே... அது இல்லையா?"

"நான் ஓனர் பேசுதேன் சார்."

"இருக்கட்டும் சார். அந்தப் பொண்ணுகிட்ட குடுங்க. பதினெட்டு பேரு வேன் பிடிச்சு வர்றோம். அது சொன்னாத்தான் கிளம்புவோம்."

அண்ணாச்சி போனை ஜெபாவிடம் நீட்டினார். அவள் உடனே வாங்கவில்லை. ஒரு போன் பதிலில்லாமல் தொங்குவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நானே வாங்கி, தண்ணீர் விழுகிறது என்றோ விழவில்லை என்றோ எதையாவது சொல்லியிருப்பேன். நல்லவேளையாக அதற்குள் வாங்கிவிட்டாள்.

"சார், இன்னைக்கு வராதீங்க. நூல் மாதிரிதான் விழுது, குளிக்க முடியாது. மலையில மேகம் போட்டிருக்கு. வியாழக்கிழமை காலைல நேர்ல பார்த்துட்டுச் சொல்லுதேன். சனி ஞாயிறுக்கு அஞ்சு ரூம் பிடிச்சு வைக்கட்டுமா?"

"வைம்மா. அட்வான்ஸ் இப்பவே போட்டு விடறேன்."

அரை நிமிஷத்தில், கவுன்ட்டரில் இருந்த சின்னப் பெட்டி 'ஐயாயிரம் ரூபாய் பெறப்பட்டது' என்று அறிவித்தது. அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்தார். வியர்வை ஒன்றும் இல்லை.

"சரிம்மா" என்றார். "பாக்கியையும் வாங்கிக்கிடு. இனிமே அரைச் சம்பளம் கிடையாது, முழுசாவே போடச் சொல்லுதேன்."

எனக்கு உயிரே திரும்பி வந்தது. கையைக் கூப்பிக்கொண்டு எழுந்துவிட்டேன். "ரொம்ப சந்தோசம் அண்ணாச்சி. அப்ப நாங்க..."

ஜெபா எழவில்லை.

"இன்னொன்னு கேட்கணும் அண்ணாச்சி. தண்ணி நல்லா விழுந்த ரெண்டு வாரமும் சனி ஞாயிறுல, ஆயிரத்து ஐநூறு ரூபாய் ரூமை நாலாயிரத்துக்கு விட்டோம்லா? தண்ணி இல்லைன்னா என் சம்பளம் குறையும்னு சொன்னிய. அப்படின்னா தண்ணி கூடுத அன்னைக்கு என் சம்பளம் என்ன ஆகணும்?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குத் தெரியும். ஒரு பெரியவர் இன்னொரு பெரியவரிடம் உதவி கேட்கிற பார்வை. என் வாய் தானாகத் திறந்தது. 'நீங்க பார்த்துச் செய்வீங்க' என்கிற அந்தப் பழைய வார்த்தைகள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன.

"பெரியப்பா" என்றாள் ஜெபா. ஸ்கூட்டி சாவியை என் கையில் வைத்தாள். "நீங்க போய் வண்டியைத் திருப்பி வைங்க."

போனேன். திருப்பி வைத்தேன். ஒரு ஸ்கூட்டியைத் திருப்ப எவ்வளவு நேரம் ஆகும்? அரை நிமிஷம். மீதி இருபது நிமிஷமும் ரோட்டில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று காதில் விழவில்லை. உள்ளே போய்க் கெடுத்துவிடக் கூடாது என்று மட்டும் காலை அழுத்தி வைத்திருந்தேன்.

ஜெபா வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஹெல்மெட்டை எடுத்தாள்.

"என்னாச்சு? அப்பாகிட்ட என்ன சொல்ல?"

"நாளைக்கு ஆறு மணிக்கு அருவில நிக்கணும், எழுப்பி விடுங்கன்னு சொல்லணும்."

"அது சரி... எவ்வளவு பேசின?"

"அது எனக்கும் அண்ணாச்சிக்கும் தெரியும் பெரியப்பா. ஏறி உட்காருங்க."

ஏறி உட்கார்ந்தேன். வீடு வரைக்கும் மூன்று தடவை கேட்டுப் பார்த்தேன். சொல்லவில்லை. ஆனால் போகிற வழியில் ஸ்வீட் கடையில் வண்டியை நிறுத்தினாள். ஒரு கிலோ வாங்கினாள்.

முதல் வேலைக்குப் பிள்ளைகளோடு துணைக்குப் போகிற பெரியவர்களுக்கு, பட்டுத் தெரிந்துகொண்டவன் என்கிற முறையில் ஒரே ஒரு யோசனை: காபியைக் குடித்ததும் வண்டியைத் திருப்பப் போய்விடுங்கள்.