நேர்ந்துவிட்ட சேவலும் நான் வாங்கிவந்த ஆறு கோழிகளும்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரிக்கும் போய் விலங்கியலில் பட்டம் வாங்கினேன். ஒரு தாளில்கூடத் தவறவில்லை என்பதைக் கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறேன். அதனால் இந்தப் பட்டம் ஒரு சேவலால் கிடைத்தது என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

கடைசிப் பரீட்சைக்கு நான் பஸ் ஏறிய அன்று, "பொண்ணு பாஸாகட்டும், உனக்கு ஒரு சேவல் அறுக்கறேன்" என்று குலதெய்வமான வீரனிடம் அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். கொல்லையில் ஆறு நாட்டுக்கோழிகளோடு மேய்ந்த செஞ்சேவலை அதற்கென்று நேர்ந்துவிட்டாள். நேர்ந்துவிட்ட சேவலுக்குத் தனி மரியாதை உண்டு. அடுப்படிக்குள் வந்து அரிசிப்பானையில் தலையை விட்டாலும் விரட்டக் கூடாது. நான் விரட்டுவேன்.

"படிச்சது நானு. பாஸ் பண்ணது சேவலாம்மா?"

"நீ படிச்ச. நான் வேண்டிக்கிட்டேன். எதுல பாஸாச்சுன்னு உனக்கு எப்படிடி தெரியும்?"

நான் எழுந்துபோய் அரிசிப்பானையிலிருந்து சேவலை விரட்டினேன்.

வேலை கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டாமே என்று, குத்தாலத்தைத் தாண்டி ஒரு பண்ணையில் ஆறு பெட்டைகளை வாங்கிவந்தேன். இரண்டு வெள்ளை லெகார்ன், மூன்று கருங்கோழி, ஒரு வனராஜா. இந்த வனராஜா பெட்டையாக இருந்தும் எங்கள் சேவலைவிட ஒரு சுற்றுப் பெரியது. கருங்கோழிகளின் கால், அலகு, கொண்டை எல்லாம் கறுப்பு. அம்மா ஒன்றின் வாயைத் திறந்து நாக்கைப் பார்த்தாள்.

"அடி ஆத்தீ, மை குடிச்சிட்டு வந்திருக்குடி இது."

புதுக்கோழிகளை வந்ததும் பழைய கோழிகளோடு விடக் கூடாது. நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்றையொன்று தூரத்திலிருந்து பார்த்துப் பழக வேண்டும். தரங்கம்பாடிப் பக்கமிருந்து மொபெட்டில் மீன் கொண்டுவரும் அக்காவிடம் பழைய வலை வாங்கி, கொல்லையை இரண்டாகத் தடுத்தேன். மூன்று வாரம் வலைக்கு இந்தப் பக்கம் அம்மாவின் கோழிகள், அந்தப் பக்கம் என் கோழிகள்.

"எத்தன நாளைக்குடி பொண்ணு பாத்துக்கிட்டே இருக்கறது? தட்ட மாத்திட வேண்டியதுதானே?"

மூன்று வாரம் முடிந்ததும் வலையை அவிழ்த்தேன். நாட்டுக்கோழிகள் கருங்கோழிகளைத் துரத்தின. கருங்கோழிகள் லெகார்ன்களைத் துரத்தின. லெகார்ன்களுக்குத் துரத்த ஆளில்லை; கூரையில் ஏறிக் கத்தின. வனராஜா எந்தச் சண்டையிலும் சேராமல் தீவனத் தட்டின் நடுவில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பசித்த கோழிகளெல்லாம் சுற்றி நின்றன. சேவல் நியாயம் கேட்கப் போனது. ஒரு இறக்கையைத் தரையில் இழுத்து அரைவட்டம் அடித்துக் காட்டியது. வனராஜா கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு உட்கார்ந்த இடத்திலிருந்தே கொண்டையில் ஒரு கொத்து.

ரத்தம் கண்ணை மறைக்க, சேவல் முருங்கைமரத்தில் ஏறிவிட்டது.

கோயில் பூசைக்குப் பத்து நாள்தான் இருந்தது. குறையுள்ளதைச் சாமிக்குக் கொடுக்கக் கூடாது. நேர்ந்ததை மாற்றவும் கூடாது. அம்மா திட்டியிருந்தால் பதிலுக்குப் பதில் பேசியிருப்பேன். அவள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"குடுக்கறேன்னு சொல்லிட்டுக் குடுக்காம போனா அந்தக் குத்தம் உன்னத்தான்டி புடிக்கும்" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு நம்பிக்கை இல்லைதான். ஆனால் அவளை அப்படிப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

சேவலைத் தனியாகப் பஞ்சாரக் கூடையில் அடைத்தேன். தினமும் காலையில் மடியில் வைத்து, வெதுவெதுப்பான மஞ்சள் தண்ணீரைச் சொம்பால் தலையில் ஊற்றிக் காயத்தைக் கழுவினேன். முதல் இரண்டு நாள் அது சிலுப்பியதில் தண்ணீர் என்மேலெல்லாம் தெறித்தது. நான்காம் நாள் அடங்கி உட்கார்ந்தது. ஏழாம் நாள் சொம்பைக் கண்டதும் தானாகவே வந்து கழுத்தை நீட்டியது. புண் ஆறிக் கொண்டை கூடிவிட்டது. விலங்கியல் வீண்போகவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன்.

பூசையன்று உறவெல்லாம் வந்திருந்தது. பூசாரி மஞ்சள் தண்ணீரைச் சேவலின் தலையில் ஊற்றினார். சேவல் உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம்.

எங்கள் சேவல் கண்ணை மூடிக் கழுத்தை நீட்டியது.

மறுபடி ஊற்றினார். சுகமாக ஒரு சத்தம் கொடுத்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: இதைப் பழக்கியதே நான்தான். மணியடித்துச் சோறு போட்டு நாயைப் பழக்கிய பாடத்தை நான் படித்தவள்.

"என்ன குறையோ சாமிக்கு?" என்றார் பூசாரி.

அப்பாவின் தங்கை, என் அத்தை, குறையைச் சொல்லத் தயாராக இருந்தாள். "வயசுப் பொண்ண வீட்ல வச்சிக்கிட்டு கோழிக்கு வல கட்டிக்கிட்டு இருந்தா எந்தச் சாமி அண்ணி ஏத்துக்கும்?"

அம்மா முகம் சுண்டிவிட்டது. அந்த நேரம் சேவலின் கண்ணருகே ஒரு ஈ உட்கார, அது தலையை லேசாக அசைத்தது.

"சிலுப்பிடுச்சு, சிலுப்பிடுச்சு! அறுங்க பூசாரி, பசிக்குது" என்றாள் அத்தை.

பூசாரி கத்தியை எடுத்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க. அது ஈய வெரட்டுச்சு. எம்பொண்ணு ஒரு பேப்பர்லகூடத் தவறாம வாங்குன பட்டம் அது. இந்த அரைகுறை ஆட்டமெல்லாம் எனக்கு வேண்டாம்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "சாமிக்கு ஒரு குறையும் இல்லீங்க. எல்லாம் என் தப்புதான்" என்று ஆரம்பித்து, காயம், மடி, வெந்நீர், சொம்பு எல்லாவற்றையும் உறவுக்கூட்டத்தின் நடுவில் ஒப்பித்தேன்.

பூசாரி சிரித்துச் சிரித்துக் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "கல்யாணப் பொண்ணுக்கு நலங்கு வைக்கிற மாதிரில்ல வச்சிருக்க! போம்மா, போய்ப் பம்புசெட்டுல பச்சத்தண்ணி புடிச்சிட்டு வா. மஞ்சள் வேணாம்."

ஒரு குடம் கொண்டுவந்தேன். பூசாரி உயரத்திலிருந்து மொத்தத்தையும் கவிழ்த்தார். சேவல் திடுக்கிட்டுக் கண் விழித்து, தலை முதல் வால்வரை ஒரு தரம், விட்டு இன்னொரு தரம் சிலுப்பியது. தண்ணீர் எங்கள் எல்லோர் மீதும் தெறித்தது.

அம்மா வீரனைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு, பட்டுப்புடவையை உதறிக்கொண்டிருந்த அத்தையின் பக்கம் திரும்பினாள்.

"நல்லாப் பாத்துக்கிட்டியா? இதான் சிலுப்பறது."