மகளும் ஆறு மூட்டைகளும்: வட்டவடையிலிருந்து இறங்கிய கதை

கடந்த தை மாதம் என் மகள் கவிதாவுக்கு வட்டவடையில், அவள் மாமனார் வீட்டில் வளைகாப்பு. முடிந்ததும் பிரசவத்துக்கு எங்கள் ஊர் பெருமாட்டிக்குக் கூட்டிவர வேண்டும். மூணாறு, மறையூர், உடுமலை, பொள்ளாச்சி வழியாக ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர். இந்த மலையில் நான் ஓட்டாத வண்டி கிடையாது. என் ஹாரன் சத்தத்துக்குக் காட்டு யானை ஒதுங்கி நின்றிருக்கிறது, ஒன்றல்ல, குடும்பத்தோடு. நான் எட்டாவதுதான், ஆனால் டயர் விஷயத்தில் இன்ஜினியர்களே என்னிடம் சந்தேகம் கேட்பார்கள். ஆனாலும் ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சியை வைத்துக்கொண்டு இறங்குவது எனக்கும் முதல் தடவை.

கிளம்பும் காலையில் என் மனைவி சரசு எங்கள் கார் டயரை அழுத்திப் பார்த்தாள்.

"ஏனுங்க, கல்லாட்டமா இருக்குது. புள்ளையத் தூக்கித் தூக்கிப் போடுமுங்க."

மெத்தை மாதிரிப் போகட்டும் என்று நாலு டயரிலும் காற்றைக் குறைத்தேன். முப்பத்திரண்டில் இருந்தது இருபத்திரண்டுக்கு வந்தது.

அடுத்து சம்பந்தி வந்தார். கேரட், கோஸ், பூண்டு என்று டிக்கியில் நாலு சின்ன மூட்டை, மேலே கேரியரில் இரண்டு. "போதுமா சம்பந்தி?" என்றார். "நம்ம வண்டி லாரிக்குச் சமமுங்க, போடுங்க" என்றேன். சம்பந்தி வீட்டு மூட்டையை வேண்டாம் என்கிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை.

எட்டு மணிக்குக் கிளம்பினோம். கோவிலூர் ஏற்றத்திலேயே ஸ்டியரிங் லேசாகிவிட்டது. மாட்டுவண்டியில் பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்குமே, அதேதான். முன்சக்கரம் ரோட்டை அழுத்தவில்லை. யானை நடமாடும் சோலைக் காட்டுக்குள் நிறுத்தவும் கூடாது. காட்டைத் தாண்டி ஒரு வளைவு. நான் திருப்பினேன், வண்டி யோசித்துவிட்டுத் திரும்பியது. காற்றுக் குறைந்த டயர் மடங்க, மேல்மூட்டை ஒருபக்கம் சாய, பின்பக்கம் வெளியே வீசியது. எதிரே ஜீப். இரண்டு கண்ணாடிக்கும் நடுவே ஒரு தீக்குச்சிதான் போகும். என் கை என்பதால் தப்பித்தோம்.

ஜீப்காரர் எஸ்டேட் ஆள், தலையை நீட்டினார்: "அண்ணாச்சி, வண்டி வானத்தப் பாத்துல்லா போவுது! ஏரோப்பிளேனா?"

"எல்லாந் தெரியுமப்பா, டெஸ்ட் பண்ணிப் பாக்கறேன்" என்றேன்.

டாப் ஸ்டேஷன் டீக்கடையில் நிறுத்தினேன். கவிதா வயிற்றில் கை வைத்தபடி பெஞ்சில் உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"மூட்டைய எறக்குனாத்தானுங்கப்பா ஏறுவேன்."

"உங்க மாமனார் என்ன நெனைப்பாரு அம்மிணி?"

"எனக்குப் பயமா இருக்குதுங்கப்பா."

அவள் வாயில் அந்தச் சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை. போனை எடுத்து அவளே மாமனாரைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது.

"நானும் ரெண்டு மூட்டதாம்மா போட நெனச்சேன். ஒங்கப்பா லாரிக்குச் சமம்னுட்டாரு. கொறச்சாக் கோவிச்சுக்கிருவாரோன்னுல்ல ஏத்துனேன்! அங்கனயே வச்சுட்டுப் போங்க, காய்கறி லாரில அனுப்புறேன்."

சரசு என்னைப் பார்த்தாள். "ரெண்டு பேரும் மருவாதி பாக்கறதுக்கு நடுவுல என்ற புள்ளைதான் கெடைச்சாளா?"

ஐந்து மூட்டையைக் கடையோரம் இறக்கினேன். காற்றடிக்கும் மிதிபம்பு அவற்றுக்கு அடியில்தான் கிடந்தது. நாலு டயரிலும் பழைய அளவுக்கு மிதித்தேன். ஒரு பூண்டு மூட்டையை முன்சீட்டின் கால் வைக்கும் இடத்தில் வைத்தேன். அடுத்த வளைவில் ஸ்டியரிங் கைக்குக் கனமாக வந்தது. வண்டி சொன்னபடி திரும்பியது. குலுக்கல் கொஞ்சம் கூடியதுதான். கவிதா அம்மா தோளில் சாய்ந்துகொண்டாள்.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: காற்றின் அளவு ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும், டயர் சூடாகும் முன் பாருங்கள். பாரம் கூடினால் காற்றும் கூட வேண்டும், பாசத்தில் குறைக்காதீர்கள். கேரியரில் கனம் வேண்டாம். குலுங்காமல் போக ஒரே வழி மெதுவாகப் போவதுதான். மறையூர் தாண்டி வரும் சின்னாற்றுக் காட்டை இருட்டும் முன் கடந்துவிடுங்கள்.

நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது, சோதனைச் சாவடியில் டிக்கியைத் திறக்கச் சொல்ல வந்த காவலர், கண்ணாடி வழியாகப் பின்சீட்டைப் பார்த்தார். அம்மா மடியில் தலை வைத்துக் கவிதா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் குரலைத் தாழ்த்தி, மலையாளம் கலந்து, "உறங்கட்டே, போங்க" என்றார். கிளட்சை அவ்வளவு மெதுவாக இந்த மலையில் யாரும் விட்டிருக்க மாட்டார்கள்.