பரிசோதகர் கேட்ட புகைக்கூடு

அன்று காலை அடுப்படியில் அம்மா இருந்தார், சின்னம்மா இருந்தார், நானும் இருந்தேன். அப்பா இல்லை, துறைமுகத்தில் இரவு வேலைக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. ஆம்பிளை இல்லாத நேரம் பார்த்துத்தான் சுகாதாரப் பரிசோதகர் வந்தவர் என்று அம்மா பிற்காலத்தில் சொல்வார். அப்பா இருந்திருந்தால் அவருக்குக் கதிரை எடுத்துப் போட்டிருப்பார் என்பது என் எண்ணம்.

இரண்டாம் உலக யுத்தம் வந்து திருகோணமலைத் துறைமுகம் கப்பல்களால் நிறைந்திருந்த காலம். வேலைக்கென்று வெளியூர்களிலிருந்து வந்து குவிந்தவர்களுக்கு எங்கள் ஒழுங்கைப் பெண்கள்தான் விடியலில் இடியப்பம் அவித்து விற்றார்கள். நல்ல விறகெல்லாம் பட்டாளத்துக் குசினிகளுக்குப் போய்விட, எங்களுக்கு மிஞ்சியது தேங்காயின் ஈரப் பொச்சுமட்டை. அது எரிந்ததைவிடப் புகைந்ததே அதிகம். சின்னம்மா நாள் முழுவதும் இருமுவார். நான் கட்டவேண்டிய பள்ளிக்கூடச் சம்பளமும் அந்தப் புகைக்குள்ளிருந்துதான் வந்தது.

பரிசோதகர் கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசல் படலையடியில் நின்றார்.

"சமைச்சு விக்கிற அடுப்பு ஒண்டும் இனி இந்த ஒழுங்கையிலை எரியக்கூடாது. சனத்தின்ரை சுகத்துக்குக் கேடு."

"அப்ப இவன்ரை படிப்பு, ஐயா?" என்று சின்னம்மா என்னைக் காட்டிக் கேட்டார்.

"என்னாலை ஒண்டும் செய்ய ஏலாது. சட்டம்."

அம்மா வாய் திறந்தால் ஒழுங்கையே அதிரும். அதற்காகக் காத்திருந்தேன். அவரோ "ஓம் ஐயா" என்றதோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் பின்னேரம் வீடு வீடாகப் போய்வந்தார். மறுநாள் ஒழுங்கையில் ஒரு கூரையிலும் புகை எழவில்லை.

விடியலில் ஓலைப்பெட்டிகளோடு வந்த துறைமுகத்து ஆட்கள் திகைத்து நின்றார்கள்.

"என்ன அக்கா, ஆருக்கும் சுகமில்லையோ?"

"எல்லாரும் நல்ல சுகம். சுகமாயிருக்கத்தானே ஐயா அடுப்பை அணைக்கச் சொன்னவர். பசிக்கு என்ன செய்யிறதெண்டு அவரிட்டைப் போய்க் கேளுங்கோ."

கூட்டம் அப்படியே பரிசோதகர் வீட்டுப் பக்கம் திரும்பியது. அந்தக் கூட்டத்துக்குள் பரிசோதகருடைய வேலைக்காரனும் வெறும் பெட்டியோடு நின்றதைச் சின்னம்மாதான் கண்டுபிடித்தார். இருமலும் சிரிப்பும் ஒன்றாக வந்ததில் நிலத்தில் குந்திவிட்டார்.

வெயில் ஏறுமுன் பரிசோதகர் கூட்டத்தோடு வந்து சேர்ந்தார். இம்முறை கைலேஞ்சியைக் காணவில்லை.

"அக்கா, அடுப்பை மூட்டுங்கோ. ஆனால் கூரைக்கு மேலாலை புகைக்கூடு ஒண்டு கட்டவேணும். அதை மட்டும் நான் விடமாட்டன்."

அதைச் சொல்லும்போது அவர் அம்மாவைப் பார்க்கவில்லை. நிலத்தில் குந்தி இருமிக்கொண்டிருந்த சின்னம்மாவைத்தான் பார்த்தார்.

"கட்டினால் பிறகு இந்தப் பக்கம் வரமாட்டியளோ?" என்று அம்மா கேட்டார்.

"சாப்பிட வருவன்."

ஒழுங்கை முழுவதும் கூவியது. அன்று எங்கள் இடியப்பம் மத்தியானம் வரை விற்றது. கடைசித் தட்டைப் பரிசோதகர் நின்றபடியே சாப்பிட்டார்.

பாவம், மனிசன் வெறுங்கையோடு போகக்கூடாதென்றுதான் புகைக்கூட்டுக்குச் சம்மதித்தேன் என்று அம்மா சொல்லித்திரிந்தார். "எங்கடை அம்மா வெண்டிட்டா" என்று நானும் வகுப்பெல்லாம் பறைசாற்றினேன். புகைக்கூடு எழுந்து சில கிழமைகளில் சின்னம்மாவின் இருமல் நின்றது. வென்ற சந்தோஷத்தில்தான் நின்றது என்று வெகுகாலம் நம்பியிருந்தேன்.

கல், சுண்ணாம்பு, மேசன் கூலி எல்லாமாக அம்மாவின் கையிலிருந்து பதினெட்டு ரூபாய் செலவானது.