மாணிக்கத்தின் மூங்கில் வில்

நேற்று நாற்காலிக் காலை ஒட்ட வந்த தச்சர், புட்டியைப் பிதுக்கி வெள்ளைப் பசையை விட்டார். லேசான புளிப்பு வாடை. உடனே ரப்பர் பால் நினைவுக்கு வந்துவிட்டது. ரப்பர் பால் வந்தால் மாணிக்கம் வராமல் இருப்பானா?

ஜப்பான்காரன் காலத்தில் சிடாம் கிரிப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு நின்றுபோயிருந்தது. மரவள்ளி நட்டுத்தான் வயிற்றைக் கழுவினோம். அதையும் காட்டுப்பன்றி தோண்டித் தின்றது. துப்பாக்கிகளை ஜப்பான்காரன் பிடுங்கிக்கொண்டான். அதனால் நானும் பக்கத்து வீட்டு மாணிக்கமும் பலாக்கட்டையில் ஆளுக்கொரு வில் செதுக்கினோம். இருவருக்கும் பத்தொன்பது வயது. காதுவரை இழுத்தால் இரண்டு வில்லுமே வெளிப்பக்கம் கீறல் விட்டன.

அந்தப் பக்கத்தில் மூங்கில் பட்டையை ஒட்டினால் கீறாது என்று கண்டுபிடித்தவன் அவன். பச்சைத் தோலைச் சீவாமல், அது வெளியே தெரிய ஒட்ட வேண்டுமாம். இவ்வளவு சின்ன விஷயம் எனக்கு ஏன் தோன்றவில்லை என்று வயிறு எரிந்தது. பசைக்கு மட்டும் என்னிடம் யோசனை கேட்டு வந்தான், நான் கோலா கெடாவில் படகுப் பட்டறையில் ஒரு வருஷம் இருந்தவன் என்பதால். மீனின் காற்றுப்பையைக் காய்ச்சிய பசைதான் மரத்தை விடாமல் பிடிக்கும், ரப்பர் பால் வெயிலில் இளகி நழுவும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

"ரப்பர் பால் தாங்குமாடா?" என்றான்.

"தாங்கும்லா," என்றேன்.

தாங்கவும் செய்தது, பாருங்கள். சைக்கிள் டியூப்பைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருந்தான். பத்தே நாளில் ஒரு பன்றி விழுந்தது. வீடுவீடாகக் கறி போனது. என் அம்மாவே சட்டியைக் கிளறிக்கொண்டு, பிள்ளை என்றால் மாணிக்கம் மாதிரி இருக்க வேண்டும் என்றாள். அந்தக் கறியை நான் இரண்டு தடவை வாங்கித் தின்றேன் என்பது வேறு விஷயம்.

இன்னொரு நாள் வில் பொழுதெல்லாம் வெயிலில் கிடந்தது. சாயங்காலம் பன்றி வந்தபோது நானும் கூட இருந்தேன். அவன் இழுக்கும்போதே மூங்கில் நழுவி, கட்டை முறிந்தது. பன்றி அவன் தொடையைக் கிழித்துவிட்டது. பிழைத்துக்கொண்டான், ஆனால் அப்புறம் நொண்டித்தான் நடந்தான்.

சில மாதங்களில், போனவர்கள் பெரும்பாலும் திரும்பாத சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்க வந்தார்கள். வாலிபர்களைத் திடலில் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். மாணிக்கத்தை ஒதுக்கிவிட்டு என்னை லோரியில் ஏற்றினார்கள். நம்புவீர்களா, அந்த நொண்டிக் காலைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன். அவன் லோரி ஓரமாக நொண்டிக்கொண்டே வந்தான்.

"அம்மாவ நான் பாத்துக்கிறேன். நீ உசுரோட வந்து சேருடா."

வந்து சேர்ந்தேன். அம்மாவும் உயிரோடு இருந்தாள், அவன் நட்ட மரவள்ளியைத் தின்று. அதற்குப் பிறகு என்னைவிட அவனைத்தான் அதிகம் கூப்பிட்டாள். பசை விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று நான் வாயெடுக்கும்போதெல்லாம் அவள் அவனைக் கூப்பிடும் குரலே குறுக்கே வந்து நின்றது.

இப்போது தோட்டம் இல்லை, வரிசையாகக் கட்டிய தாமான் வீடுகள்தான். அம்மா போய் நாளாயிற்று. போன வருஷம் மாணிக்கமும் போனான். மன்னிப்புக் கேட்க ஆள் இருந்தவரை நான் பொறாமைதான் பட்டுக்கொண்டிருந்தேன்.