அப்பாவின் பல்செட்டும் நாங்கள் போட்ட வாய்க்கரிசியும்

இந்த நினைவு மலரின் அட்டையில் அப்பா சிரித்துக்கொண்டிருக்கிறார். உள்பக்கத்தில் ‘நிறைவாழ்வு வாழ்ந்து இறைவனடி சேர்ந்தார்’ என்று அச்சாகியிருக்கிறது. அந்த வரியை அண்ணன் அச்சகத்தில் கொடுத்துவிட்டு வந்து, “நீதான் நல்லா எழுதுவியே, அப்பாவைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடு” என்று என்னிடம் கேட்டார். எழுதுகிறேன். ஆனால் அந்தச் சிரிப்பும் உண்மையில்லை, அந்த வரியும் உண்மையில்லை. முதலாண்டு நினைவுக்கு வந்து, இலை போட்டுச் சாப்பிட்டு, இதைக் கையில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறும் சொந்தபந்தங்கள் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

அப்பா பிறந்தது வானூருக்கு மேற்கே ஒரு மானாவாரிக் கிராமத்தில். மழை ஏமாற்றிய ஒரு வருடம், மீசை அரும்பும் வயதில், மரக்காணம் உப்பளத்துக்குக் கூலி வேலைக்கு வந்தார். பிறகு ஊருக்குத் திரும்பவே இல்லை. பாத்தி மிதித்தார், தண்ணீர் கட்டினார், பலகை பிடித்து உப்பு வாரினார். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். அந்த மாதங்களில் கட்டட வேலைக்குப் போவார். அண்ணனை ஐ.டி.ஐ.யும் என்னைப் பட்டப்படிப்பும் படிக்க வைத்தது அந்தக் கூலிதான். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், உங்களில் பாதிப்பேர் அவரோடு உப்பு வாரியவர்கள்.

அப்பாவுக்கு இரண்டு விஷயத்தில் பேர். ஒன்று அவர் சாப்பாடு. நண்டுக் காலை அவர் கடித்து உடைக்கிற சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். “நொறுங்கத் தின்னா நூறு வயசு” என்று சொல்லிச் சொல்லியே எங்களை மென்று சாப்பிட வைத்தார். அவசரமாக விழுங்கினால், “இன்னா, பஸ்ஸு கிளம்பிடுச்சா?” என்பார். இன்னொன்று அவர் ரோஷம். ஒருமுறை அம்மா ஏதோ சொல்லிவிட்டார் என்று நான்கு நாள் வீட்டில் கை நனைக்கவில்லை. டீக்கடையில் பன் தின்றே ஓட்டினார். ஐந்தாம் நாள் எதுவுமே நடக்காதது போல உள்ளே வந்து உட்கார்ந்து, “இன்னா குழம்பு இன்னிக்கு?” என்றார். அப்பா சாப்பிடவில்லையென்றால் கண்டுகொள்ளாமல் இருக்க வேண்டும், ரோஷம் தீர்ந்தால் தானாக வருவார் என்பது அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சட்டம். இந்தச் சட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா போன பிறகு அப்பாவின் பற்கள் ஒவ்வொன்றாக ஆட ஆரம்பித்தன. வெற்றிலையும் புகையிலையும் பாதி, வயது பாதி. கடைசியில் வாயில் ஒன்றும் மிஞ்சவில்லை. அதைப் பற்றி அவருக்குப் பெரிய கவலை இருந்ததாகத் தெரியவில்லை. ஈறாலேயே மீனைச் சமாளித்தார், முறுக்கைக் காப்பியில் ஊறவைத்துத் தின்றார். கவலைப்பட்டது நாங்கள்தான். அண்ணன் மகளுக்குச் சம்பந்தம் கூடி வந்த நேரம் அது. மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சம் வசதியானவர்கள். “சம்பந்தி பக்கத்துல பொக்கவாயோட உக்கார வெச்சா நல்லாவா இருக்கும்? போட்டோல எப்படித் தெரியும்?” என்று அண்ணன் கேட்டார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அப்பா எதை எப்படிச் சாப்பிடுகிறார் என்று நாங்கள் பேசவில்லை. பல்செட்டு வாங்கியது போட்டோவுக்காக.

நான் புதுச்சேரியில் வேலை பார்க்கிறேன் என்பதால் அங்கே பல் டாக்டரிடம் அழைத்துப்போகும் பொறுப்பு என்னுடையது. நான்கைந்து தடவை போய் வந்தோம். பல்செட்டைக் கொடுத்த அன்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். “அய்யா, ராத்திரி இதைக் கழட்டிடணும். நல்ல தண்ணியில போட்டு வெக்கணும், காயவே விடக் கூடாது. உப்பு போட்டுத் தேய்க்காதீங்க, வெந்நீர் ஊத்தாதீங்க. எங்கனா உறுத்துச்சுன்னா நீங்களா எதுவும் பண்ணாம நேரா இங்க வந்துடுங்க.” அப்பா எல்லாவற்றுக்கும் “ஆவட்டும்மா, ஆவட்டும்மா” என்று தலையாட்டினார். அவர் புதுப்பல்லைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆபீஸிலிருந்து வந்த போனில் பேசிக்கொண்டே கேட்டேன். டாக்டரம்மா எல்லாம் எழுதிய ஒரு தாளையும் கொடுத்தார். அதை மடித்துக் கைப்பையில் வைத்தேன். அப்பா இறந்த பிறகுதான் அந்த மடிப்பைப் பிரித்தேன். அன்றைக்கே ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போய் எடுத்த படம்தான் இந்த மலரின் அட்டை.

பஸ் ஏற்றிவிடும்போது, “தண்ணில போட்டு வைப்பா, மறந்துடாத” என்று ஜன்னல் வழியாகச் சொன்னேன். அதோடு என் கடமை முடிந்தது.

மரக்காணத்தில் எங்கள் தெருவில் போர்வெல் தண்ணீர் உப்புக் கரிக்கும், வாயில் வைக்க முடியாது. நல்ல தண்ணீர் பொதுக்குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும், குடத்தோடு வரிசையில் நிற்க வேண்டும். அந்தத் தண்ணீரில் யாராவது கால் கழுவினால் அப்பாவுக்குக் கோபம் வந்துவிடும். அப்படிப்பட்டவர் அதில் ஒரு டம்ளரைத் தினம் பல்லுக்குக் கொடுத்துக் கொட்டுவாரா? போதாததற்கு, அவர் வாழ்நாளெல்லாம் செய்த வேலையே தண்ணீரைக் காயவைப்பதுதான். ஈரமாக இருக்கிறவரை சரக்கு இல்லை, காய்ந்தால்தான் உப்பு. அதனால் பல்செட்டையும் கல்லுப்பு வைத்து நறநறவென்று தேய்த்து, துண்டை விரித்து, உப்பளத்து வரப்பில் வெயிலில் காயவைத்திருக்கிறார். அப்போது அவர் அங்கே பகல் காவலுக்குப் போய்க்கொண்டிருந்தார். இதை எனக்குச் சொன்னது அவருடைய கூட்டாளி அருளப்பன் மாமா, அதுவும் கருமாதியன்று. “டாக்டரு தண்ணில போடச் சொன்னாங்கன்னியேப்பான்னு கேட்டேம்மா. உப்பும் வெயிலும் பட்டா எதுனா கெடுமா, கருவாடு கெடுதான்னு என்னையே திருப்பிக் கேட்டான்” என்றார் மாமா.

அந்தப் பல்செட்டு கருவாடு இல்லை. இரண்டே மாதத்தில் அது வளைந்து, மேல்வரிசை தூக்கிக்கொண்டது. ஓரம் ஈறில் வெட்ட ஆரம்பித்தது. அப்பா வெட்டுகிற ஓரத்தைச் சிமெண்ட் தரையில் தேய்த்துச் சரிசெய்யப் பார்த்திருக்கிறார். அது இன்னும் தொளதொளத்துப் போனது.

நிச்சயதார்த்தத்தன்று நடந்தது உங்களுக்குத் தெரியும். நீங்கள் எல்லோரும் அந்த மண்டபத்தில்தான் இருந்தீர்கள். பெரியவர் என்ற மரியாதைக்குத் தாம்பூலத் தட்டை அப்பா கையில் கொடுத்தார்கள். “எங்க பேத்தியை ஒங்க வீட்டுக்கு…” என்று அவர் குரலெடுத்தார். மேல்வரிசைப் பல் கழன்று தட்டில், வாழைப்பழத்துக்கும் குங்குமத்துக்கும் நடுவில் விழுந்தது. முதலில் யாரோ ஒருவர்தான் சிரித்தார். பிறகு சபையே சிரித்தது. பல் போனால் சொல் போச்சு என்று ஒருவர் உரக்கச் சொல்ல, அதற்கும் ஒரு சிரிப்பு. அந்த வீடியோ நம் குடும்பக் குரூப்பில் வந்தது, உங்களில் பலர் போனில் இன்னும் இருக்கும். அப்பா பல்லை எடுத்துத் துண்டில் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். உள்ளே அழைத்துப்போய் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்: “இத்தினி பேருக்கு முன்னால மானத்த வாங்கிட்டியே, ஒழுங்கா மாட்டத் தெரியாதா?” நான் கதவருகே நின்றிருந்தேன். என் முகத்திலும் அந்தச் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது. அதை அப்பா பார்த்தார்.

அதற்குப் பிறகு அவர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விடுவார். சோறு பாதி திரும்பி வந்தது. பிறகு கஞ்சி கேட்டார். பிறகு கஞ்சியும் மிச்சமானது. அண்ணி எனக்குப் போன் செய்து, “மாமா சரியாவே சாப்புட மாட்டேங்குறாரு, இன்னான்னு கேட்டா கையை ஆட்டிட்டுப் போயிடுறாரு” என்றார். நான் அண்ணனைக் கேட்டேன். “ரோஷம். தீந்தா தானா வருவாரு. நீ போய்க் கெஞ்சுனா இன்னும் ஏறும்” என்றார். எனக்கும் அதில் சந்தேகம் வரவில்லை, வீட்டுச் சட்டம் அதுதானே. மருமகள் சோறு போடவில்லை என்று சாவு வீட்டில் சிலர் பேசினீர்கள். அண்ணி மீது பழி போடாதீர்கள். அப்பா சாப்பிடவில்லை என்று வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். கேட்காதது அப்பா பெற்ற நாங்கள் இரண்டு பேரும்.

கல்யாணத்துக்கு அப்பா பல்செட்டு மாட்டிக்கொண்டு வந்தார். இம்முறை அது விழவில்லை. அடியில் துணியைச் சுருட்டி வைத்து, வாயை இறுக்கிக்கொண்டு, முகூர்த்தத்திலிருந்து பந்தி முடியும்வரை ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார். “அப்பா இப்போ எவ்வளோ சாந்தமாயிட்டாரு!” என்று என்னிடம் எத்தனை பேர் சொன்னீர்கள்! நானும் சந்தோஷப்பட்டேன். அன்றைக்கு அவர் இலையில் வைத்தது வைத்தபடி இருந்ததை நான் கவனித்தேன். ரோஷம் இன்னும் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் அப்பாவின் துண்டைத் துவைக்கும்போது அண்ணி அதில் ரத்தத்தைப் பார்த்தார். ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “இந்தப் புண்ணு எத்தனை மாசமா இருக்குது?” என்று எங்களைக் கேட்டார். அப்பா எட்டு விரலை நீட்டிக் காட்டினார். அது சாதாரணப் புண் இல்லை, புற்று என்று பரிசோதனையில் தெரிந்தது. பல்செட்டால்தான் வந்ததா என்று அண்ணன் கேட்டார். அப்படிச் சொல்ல முடியாது, புகையிலையும் காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். பிறகு, “ஆனா யாராவது வாயைத் தொறந்து பார்த்திருந்தா, அப்பவே தெரிஞ்சிருக்கும்” என்றார். டார்ச்சு எங்கள் வீட்டிலும் இருக்கிறது. கரண்ட் போனால் தேடுவதற்கென்று டி.வி. பக்கத்திலேயே வைத்திருக்கிறோம்.

ஏன் சொல்லவில்லை என்று அப்பாவைக் கேட்டேன். அப்போது அவருக்குப் பேச்சு குழறியது. மெதுவாகச் சொன்னார்: “நான் ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாம கெடுத்துட்டேன்னு திட்டுவீங்கன்னு இருந்தேன் பாப்பா.” உப்பு மூட்டையைத் தனி ஆளாகத் தூக்கிய மனிதர், பெற்ற பிள்ளைகள் திட்டுவார்கள் என்று பயந்து எட்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். அது ரோஷமே இல்லை. கடைசி வாரங்களில் மூக்கில் குழாய் வழியாகத்தான் ஆகாரம். நொறுங்கத் தின்னச் சொன்னவர் எதையும் மெல்லாமல் போனார்.

போன அன்று அண்ணன் பல்செட்டைத் தேடி எடுத்து வந்தார். “கடைசிப் பயணத்துலயாவது முகம் நல்லா இருக்கட்டும்” என்று அழுதார். குளிப்பாட்டியவர்கள் மாட்டிப் பார்த்தார்கள், பொருந்தவில்லை. அவர்கள் அதை என் கையில் கொடுத்தார்கள். இப்போது அது என் வீட்டில் ஒரு டம்ளர் நல்ல தண்ணீரில் கிடக்கிறது. தினம் தண்ணீர் மாற்றுகிறேன். பைத்தியம் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார், இருக்கலாம்.

நன்றி சொல்லி முடிப்பதுதான் முறை. அருளப்பன் மாமாவுக்கு நன்றி. அப்பாவுக்காக அந்த மாதங்களில் வாழைப்பழத்தைப் பிசைந்து கொண்டுபோனவர் அவர். “எங்கிட்ட மட்டும் வாயைக் காட்டினான்மா. யாருக்கும் சொல்லாதடான்னான், நானும் சொல்லாம இருந்துட்டேன்” என்று அழுகிறார். மாமா, நீங்களாவது பார்த்தீர்கள். துண்டில் ரத்தத்தைக் கண்ட அண்ணிக்கு நன்றி. இதையெல்லாம் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். “அப்படியே போட்டுடு” என்றார். அவருக்கும் நன்றி.

அப்பாவைத் தூக்குவதற்கு முன் பந்தலில் வாய்க்கரிசி போட வந்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உப்பளத்திலிருந்தும் அனுமந்தையிலிருந்தும் வானூர்ப் பக்கத்திலிருந்தும் வந்து, வரிசையில் நின்று, ஒவ்வொருவராக அப்பாவின் வாயருகே குனிந்தீர்கள். முதலில் குனிந்தது அண்ணன். அவருக்கு அடுத்து நான். அதற்கு முன் ஒருநாளும் நாங்கள் அப்படிக் குனிந்து பார்க்கவில்லை.