சத்தமில்லாத வெடி

பசளை கிடைக்காமல் ஊரே தலையில் கை வைத்துக்கொண்டிருந்த காலபோகம் அது, மாரி மழைக்கு விதைக்கிற நெல். தை பிறந்து ஒரு கிழமை இருக்கும். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாய்கிற வாய்க்கால் ஒன்றின் கரையில் எங்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் இரண்டு ஏக்கர் வயல், அதற்கு அப்பால் பற்றைக்காடு. நெல் பால் பிடிக்கத் தொடங்கினால் போதும், அந்தக் காட்டுப் பன்றிகளுக்கு எங்கள் விலாசம் எப்படியோ தெரிந்துவிடும். பசளை இல்லாமல் சோகை பிடித்து நின்ற பயிர், மிச்சத்தையும் அதுகள் உழக்கினால் அந்த வருடம் எங்களுக்கு அடுப்பு எரியாது.

என் கணவரிடம் பயிரைக் காப்பதற்கென்று அனுமதிப் பத்திரத்தோடு ஒரு துவக்கு இருந்தது. தோட்டாவுக்கும் கடிதம் கொண்டுபோய் வரிசையில் நிற்க வேண்டும். அந்த வருடம் தோட்டாவும் பசளை மாதிரித்தான், இன்று வரும் நாளை வரும் என்று சொல்லியே காலம் போனது. ஆனால் தோட்டா இருந்த நாட்களிலும் இவர் பெரும்பாலும் சுடமாட்டார். காரணம் நான்.

கடைசிச் சண்டையில் முல்லைத்தீவுப் பக்கம் போய் அகப்பட்டவர்களில் நாங்களும் இருந்தோம். என் மகள் ஒரு பதுங்குகுழியின் வாசலில் போனாள். அவளுக்கு ஆறு வயது. அதற்கு மேல் அதைப்பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. அன்றிலிருந்து வெடிச்சத்தம் கேட்டால் என் உடம்பு என் பேச்சைக் கேட்காது. கோயில் திருவிழாவுக்கு வெடி கொளுத்துகிற நாட்களில் நான் போவதில்லை. ஒருமுறை இவர் வயலில் துவக்கால் ஒரு வெடி வைத்தபோது நான் குசினியில் கஞ்சி வடித்துக்கொண்டு நின்றேன். கண் திறந்து பார்த்தபோது மேசைக்குக் கீழே கிடந்தேன், கால் முழுக்க வெந்திருந்தது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், ஊரில் யாருக்கும் பயமில்லை என்று பெயர். அந்த வாய்க்காரி மேசைக்குக் கீழே கிடந்ததை இவரும் என் தம்பியும் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை.

தம்பி எங்களுக்கு அடுத்த வளவில் இருந்தான். தச்சு வேலை செய்பவன், இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தகப்பன். எங்கள் வீட்டுக் கதவு, யன்னல், கட்டில் எல்லாம் அவனுடைய கைதான்.

நான் வெந்த காலோடு கிடந்த நாட்களில் இவர் ஒரு யோசனை பிடித்தார். இவர் பூவரசங்குளத்துப் பக்கம் காட்டோடு வளர்ந்தவர். இளவயதில் இடியன் துவக்கோடு திரிந்தவர். இடியன் என்றால் குழாயின் வாய் வழியாக வெடிமருந்தும் ஈயமும் போட்டு, கம்பியால் இடித்து இறுக்குகிற நாட்டுத் துவக்கு. அந்தக் கைப்பழக்கத்தை வைத்து, சுட்ட தோட்டாக்களின் வெறுங்கோதுகளைத் தானே நிரப்பப் போவதாகச் சொன்னார். மருந்தைக் குறைத்தால் சத்தம் குறையும். ஆனால் சின்னச் சன்னங்கள் மெதுவாகப் போனால் பன்றியின் தோலுக்கு உறைக்காது. அதனால் கனத்த ஈயமாக ஒன்று வேண்டும் என்றார். குளத்தில் மீன் பிடிப்பவர்களிடம் வலைக்குக் கட்டுகிற ஈயம் வாங்கி வந்து உருக்கினார்.

“மெல்லத்தான் போகும். ஆனா போய்ப் பட்டால் பன்றி எழும்பாது. நீரும் பயப்படத் தேவையில்லை” என்றார்.

வீட்டில் கோது நிரப்புவது சட்டப்படி குற்றம். எங்களுக்கு அது தெரியும். எனக்கு அப்போது அது ஒரு பொருட்டாகவே படவில்லை. ஒரு மனிதன் என் பயத்துக்காகக் குந்தியிருந்து ஈயம் உருக்குகிறார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. குசினிக் கதிரையில் இருந்து கோதுகளின் வாயைக் கடதாசி அட்டையால் மூடிக் கொடுத்தவள் நான்தான்.

முதலில் நிரப்பியவை சரியாகவே வேலை செய்தன. ஒரு பன்றியும் விழுந்தது. சத்தம் கேட்டுக் குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டேன், ஆனால் நின்ற இடத்திலேயே நின்றேன். அத்தோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்கிற குணம் எனக்கு.

“இஞ்சேருங்கோ, இன்னும் கொஞ்சம் குறைக்க ஏலாதே?” என்று கேட்டேன்.

இவர் உடனே ஓம் சொல்லவில்லை. மருந்து போதாமல் போய்விடும் என்றார். கையிலிருந்த கோதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் விடவில்லை, ஒன்றே ஒன்றை மட்டும் அப்படிச் செய்து பாருங்கோ என்று கெஞ்சினேன். அவர் என் காலில் கிடந்த சீலைக்கட்டைப் பார்த்தார். பிறகு செய்தார்.

இரண்டு நாள் கழித்து, பனி இன்னும் விலகாத ஒரு விடியலில், பன்றிகள் வயலுக்குள் நிற்பதாகத் தம்பி ஓடிவந்து சொன்னான். இரண்டு பேரும் போனார்கள். நான் குசினியில் அடுப்பு மூட்டிக்கொண்டு காதைத் தீட்டி வைத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் வயல் பக்கமிருந்து ‘டொப்’ என்று ஒன்று கேட்டது, ஈரத்துணியை வேலியில் உதறினாற்போல. அவ்வளவுதான். நான் எதையும் பிடிக்கவில்லை, குனியவுமில்லை. நான் நம்ப முடியாமல் வெளியே ஓடினேன். கிணற்றடியில் நின்று, ஊருக்கே கேட்கிற மாதிரி, “எனக்குக் கேக்கவே இல்லை! எனக்குக் கேக்கவே இல்லை!” என்று சிரித்துக் கத்தினேன். வரம்பில் நின்ற இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி கையை உயர்த்திக் காட்டினான்.

பன்றி விழவில்லை. குறி தவறிவிட்டது என்று இவர் நினைத்தார். பன்றி வயலைக் குறுக்கே உழக்கிக்கொண்டு தம்பி நின்ற பக்கமாக ஓடியது. “அத்தான், கெதியாத் தாங்கோ” என்று தம்பி துவக்கை வாங்கினான். மடியில் எஞ்சிக் கிடந்த, கடையில் வாங்கிய முழுத் தோட்டா ஒன்றை இவர் எடுத்துக் கொடுக்க, அவன் போட்டு, இடது கையால் குழாயைத் தாங்கிப் பிடித்துச் சுட்டான்.

அந்தச் சத்தம் எனக்கு முழுதாகக் கேட்டது. நான் கிணற்றடியில் குப்புற விழுந்தேன். எவ்வளவு நேரம் கிடந்தேனோ தெரியாது, இவர் என் பெயரைச் சொல்லிக் கத்துவது கேட்டுத்தான் தலையைத் தூக்கினேன். தம்பி வரம்பில் உட்கார்ந்திருந்தான். துவக்கின் குழாய் நடுவில் பிளந்து கிடந்தது. அவன் தன்னுடைய இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் இல்லை. இடது கண்ணிலிருந்து இரத்தம் வழிந்தது.

அதற்குப் பிறகு எனக்கு நடுக்கம் வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நாங்கள் அந்தக் குழிகளுக்குள் கிடந்த காலத்தில் இரத்தத்தை நிறுத்த எங்கே கட்ட வேண்டும் என்று என் கைக்குப் பழகியிருந்தது. சீலையைக் கிழித்துக் கட்டினேன். ஓட்டோவில் கிளிநொச்சிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து அம்புலன்ஸில் யாழ்ப்பாணம். தம்பியின் மனைவி வழி முழுக்க என் கையை விடவில்லை.

ஆஸ்பத்திரி விறாந்தையில் காத்திருந்தபோது இவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார், “இடியன் எண்டால் கம்பி விடேக்கையே தெரிஞ்சிருக்கும்.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. மெல்ல மெல்லச் சொன்னார். இடியனில் ஒவ்வொரு தடவையும் நிரப்பும்போது கம்பி குழாய்க்குள் அடிவரை போய்த்தான் ஆகும். உள்ளே ஏதாவது அடைத்து நின்றால் கம்பி போகாது, கைக்குத் தெரிந்துவிடும். அதனால் அவருடைய ஆட்கள் யாரும் குழாயைத் தனியாகப் பார்த்துப் பழகவில்லை, பார்க்கத் தேவையும் இருக்கவில்லை. தோட்டாத் துவக்கில் கம்பியே இல்லை. பின்னால் திறந்து, கோதைத் தட்டி, அடுத்ததைப் போட்டு மூடுவதுதான். அன்றைக்குக் கனத்த ஈயத்தைத் தள்ள அந்த மருந்து போதவில்லை. ஈயம் வெளியே போகவேயில்லை, குழாயின் நடுவில் இறுகி நின்றுவிட்டது. அதற்குப் பின்னால்தான் தம்பியின் முழுத் தோட்டா வெடித்தது.

கிணற்றடியில் நின்று நான் சிரித்துக் கத்தியது எந்தச் சத்தத்துக்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவர் எல்லாப் பழியையும் தன் தலையில் போட்டுக்கொண்டு பேசினார். குறைக்கச் சொன்னது நான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பொலிஸ் வந்து கேட்டபோது தம்பி கட்டிலில் கிடந்தபடியே, தான் துவக்கைச் சேற்றுக்குள் போட்டதாகவும் குழாய்க்குள் சேறு போயிருக்கும் என்றும் சொன்னான். இவர் உண்மையைச் சொல்லப் போனார். தம்பி மற்றக் கையால் பிடித்து நிறுத்தி, “நீங்கள் உள்ளுக்குப் போனால் அக்காவை ஆர் பாக்கிறது? பேசாமல் இருங்கோ அத்தான்” என்றான். துவக்கைக் கொண்டுபோனார்கள். அனுமதிப் பத்திரமும் போனது. அந்தப் போகத்தில் நாங்கள் அறுத்தது விதைநெல்லுக்கும் காணவில்லை.

தம்பியின் கண் திரும்பவில்லை. உளியைப் பிடிக்க இடது கை வேண்டும், அவனுக்கு அது இல்லை. சாமான் பெட்டியை இன்னொரு தச்சனுக்குக் கொடுத்துவிட்டான். இப்போது ஒரு அரிசி ஆலையில் மூட்டைகளுக்குக் குறி போடுகிறான்.

ஒரு வருடம் பொறுத்து, அவனிடம் நேரே போய்ச் சொல்லிவிட்டேன். மருந்தைக் குறைக்கச் சொன்னது நான், உன்னுடைய கையைத் தின்றது நான் என்றேன். அவன் ஆச்சரியப்படவில்லை. அத்தான் எப்போதோ சொல்லிவிட்டாரா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான், அன்று நான் கத்தியதை நினைத்துப் பார்த்துத் தானே ஊகித்தானாம். பிறகு சொன்னான்.

“பிள்ளை போன பிறகு நீங்கள் சிரிச்சதை நான் அண்டைக்குத்தான் பாத்தனான் அக்கா. அந்தச் சந்தோசத்திலதான் துவக்கை வாங்கினனான். குழாயைப் பாக்கவேணும் எண்டு ஆருக்கு நினைவு வந்தது?”

அவன் என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னான். அன்று வீட்டுக்கு வந்து, நான் முகத்தைக் கழுவவில்லை, சமைக்கவில்லை, அப்படியே கிடந்தேன்.

எங்கள் பக்கத்தில் இன்றும் சிலர் இரகசியமாகக் கோது நிரப்புகிறார்கள். கேள்விப்பட்டால் நான் வெட்கப்படாமல் அந்த வீட்டுக்குப் போய் இந்தக் கதையை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் வருவேன். எனக்கு வெடிக்குப் பயம் இன்னும் இருக்கிறது, இனியும் இருக்கும். அது என்னுடைய பயம், மேசைக்குக் கீழே கிடந்தாவது நானே பட்டுத் தீர்த்திருக்க வேண்டியது; என்மேல் அன்பு வைத்த இரண்டு பேரிடம் அதைக் கொடுத்தேன், அதில் ஒருவன் இன்று ஒற்றைக் கையால் தன் மகளுக்குப் பின்னல் போடப் பார்த்துவிட்டு முடியாமல் என்னைக் கூப்பிடுகிறான்.