பின் சக்கரத்து வருஷம்

பழைய சைக்கிளைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. குனிந்து பார்ப்பேன், துணியால் துடைப்பேன், எந்த நாட்டு வண்டி, என்ன மாடல், எந்த வருஷம் என்று சொல்லாமல் அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன். இதற்கென்றே போனில் ஒரு குழு இருக்கிறது. அதில் என்னையும் மதித்து நாலு பேர் சந்தேகம் கேட்கிறார்கள். அதுதான் தலைக்கு ஏறிவிட்டது.

மேலப்பாளையத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரன் என் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. அவன் வீட்டு நடையில் ஒரு வெளிநாட்டு ரேஸ் சைக்கிள் நிற்கும். ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார். பின் சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்புக்குள்ளேயே மூணு கியர். துபாயில் வேலை பார்த்த அவன் வாப்பா, மகனுக்கென்று வாங்கி வைத்த வண்டி அது. ஊருக்குக் கொண்டுவருமுன் அங்கேயே மௌத்தாகிவிட்டார். அவரோடு ஒரே ரூமில் இருந்தவர், எங்கள் தெருக்காரர்தான். ரெண்டு வருஷம் கழித்து லீவில் வந்தபோது வண்டியைக் கழற்றிப் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்து, உங்க வாப்பாவோட அமானிதம் என்று இவன் கையில் ஒப்படைத்தார். வாப்பாவின் பொருள் என்று இவனுக்கு வேறு ஒன்றும் கிடையாது.

அமானிதம் எங்களுக்கு லேசான சொல் இல்லை. நம்பிக் கொடுத்த பொருளை உரியவர் கையில் சேர்க்காமல் கண்மூடக் கூடாது. வண்டியைக் கொண்டுவந்தவர் அதற்குப் பேர்போனவர். தெருவுக்கே மாமா. துபாயை விட்டு வந்தபின், யார் குடும்பத்தோடு வெளியூர் போனாலும் வீட்டுச் சாவி மாமாவிடம்தான் போகும். திரும்பி வந்தாலும் ஒரு மாற்றுச் சாவியை அவரிடமே விட்டுவைப்போம். அவர் வீட்டுக் கதவுக்குப் பின்னால் வரிசையாக ஆணி அடித்துச் சாவிகளைத் தொங்கவிட்டிருப்பார்.

போன நோன்புக்கு முன்னால் ஒருநாள், கூட்டாளியின் வண்டியைக் குழுவில் போட்டுப் பெருமையடிக்கலாமே என்று நானாகப் போய் உட்கார்ந்தேன். யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. இந்த மாதிரி ஹப்பில் அதைச் செய்த வருஷத்தைப் பொறித்திருப்பார்கள். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்ததும் எண் பளிச்சென்று தெரிந்தது. வாய் முந்திக்கொண்டது.

“லே, இது உங்க வாப்பா மௌத்தானதுக்கு மறு வருஷம்லா செஞ்சிருக்கு.”

சிரித்துக்கொண்டு சொன்னேன். இப்போது நினைத்தால் என்னையே செருப்பால் அடிக்கத் தோன்றுகிறது. அவன் சிரிக்கவில்லை. நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டான். மனுசன் பொய் சொல்லுவான், இரும்பு சொல்லாது என்றேன், பெரிய இவன் மாதிரி.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து பள்ளிவாசல் முன்னால் நாலு பேர் நிற்கும்போதே, அவன் மாமாவை மறித்துக் கேட்டான்.

“எங்க வாப்பா வாங்கின சைக்கிள் எங்க, மாமா?”

மாமாவுக்கு முதலில் புரியவில்லை. உன் வீட்டில்தானே நிற்கிறது என்றார். அது வாப்பா போனபிறகு செய்த வண்டி, இவன் பார்த்துச் சொல்லிவிட்டான் என்று என்னைக் கைகாட்டினான். மாமா என்னைப் பார்த்தார். நான் ஹப்பு, வருஷம் என்று என்னத்தையோ உளறினேன்.

“கொண்டாந்தேன். குடுத்தேன். அல்லாஹ்வுக்குத் தெரியும்” என்றவர், பைய நடந்து போய்விட்டார்.

ஊர் வாய்க்கு ஏது மூடி? நல்ல வண்டியை விற்றுவிட்டு ஏதோ ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தாராம் என்று அன்றே பேச்சாகிவிட்டது. அடுத்த வாரம் மாமா வீடு வீடாக ஏறி எல்லாருடைய சாவியையும் அவரவரிடம் திருப்பிக் கொடுத்தார். எங்கள் வீட்டுச் சாவியை என் வீட்டுக்காரி வாங்கி வைத்திருந்தாள். ராத்திரி அதை என் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

எனக்கு உறுத்தியது. அப்போதும் மாமாவுக்காக உறுத்தவில்லை, நான் சொன்னது சரிதானா என்றுதான் உறுத்தியது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடல் அச்சுக்கு அடியில் பிரேமில் அடித்திருந்த நம்பரைப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். பிரேம் அந்த ஹப்பைவிட நாலு வருஷம் மூத்தது என்று பதில் வந்தது. அதாவது அவன் வாப்பா இருந்த காலத்து வண்டிதான். முன் சக்கரமும் பழசுதான். பின் சக்கரம் மட்டும்தான் பிந்தினது.

அப்படியென்றால் இந்தச் சக்கரம் எங்கிருந்து வந்தது? தாடையைச் சொறிந்தபடி யோசித்தேன். விரலில் தழும்பு தட்டியது. அடப் பாவி!

கொக்கிரகுளத்தில் ஆற்றுப்பாலம் தாண்டி வரும்போது வாங்கின தழும்பு அது. பள்ளிக்கூடத்து நாளில் நான் இதே சைக்கிளின் பாரில் உட்கார்ந்துகொண்டு, வேகமா மிதிலே என்று அவனை விரட்ட, பள்ளத்தில் விழுந்து பின் சக்கரம் ஹப்போடு நாசமானது. அந்த மாதிரிச் சக்கரம் நம்மூரில் எங்கே கிடைக்கும்? வண்டி சுவரில் சாய்ந்தே கிடந்தது. மாமாதான் துபாயில் பழைய சாமான் கடைகளில் தேடிப்பிடித்து, அடுத்த லீவில் ஒரு சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மாட்டிக் கொடுத்தார். நான் குற்றமாகப் படித்த வருஷம், அவர் இரக்கப்பட்டுக் கொண்டுவந்த சக்கரத்தில் இருந்திருக்கிறது. தினமும் சவரம் பண்ணும்போது பார்க்கிற தழும்புதான். நினைவு வரவில்லையே.

கூட்டாளியிடம் சொன்னேன். கேட்டதும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். அவனுக்கும் அது மறந்துதான் போயிருந்தது. இரண்டு பேருமாகப் போனோம். அவன் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நானும் மாப்பு கேட்டேன். மனசில் ஒன்றும் வைக்கவில்லை என்று சொல்லி, மாமா எங்களுக்குத் தேயிலை போடச் சொன்னார். தெருவில் யார் யாரிடம் பேச்சு போயிருக்குமோ அத்தனை பேரிடமும் போய் நடந்ததைச் சொன்னேன். உச்சுக்கொட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

போன மாதம் திசையன்விளையில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லாருமாகக் கிளம்பினோம். முதல் ஆளாக நானே மாமாவிடம் சாவியைக் கொடுத்தால், மற்றவர்களும் கொடுக்கத் தொடங்குவார்கள் என்று நினைத்தேன். ஸலாமுக்குப் பதில் சொன்னார், யாருக்குக் கல்யாணம் என்று விசாரித்தார். கதவுக்குப் பின்னால் வெறும் ஆணிகள் இருந்தன. சாவியை நீட்டினேன். அவர் கை மடியை விட்டு எழும்பவில்லை.

“வேண்டாம் மாப்ளே. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, நீ வந்து பாத்துச் சொல்லுவ.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. திசையன்விளைக்குப் போய்த் திரும்புகிறவரை சாவி என் சட்டைப்பையில்தான் கிடந்தது.